சின்ன வாக்கியங்களைச் சேர்க்கவும் காற்புள்ளி வைக்கவும் கற்பிப்பது எப்படி?

மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைப் பிரித்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

நான் கோட்டைக்குப் போனேன். நான் அகழியைப் பார்த்தேன். நான் கோயிலுக்குப் போனேன். நான் சாமி கும்பிட்டேன். நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

பிழை என்று சுட்ட ஒன்றுமில்லை. எழுத்து சரி, முற்றுப்புள்ளியும் சரி. ஆனால் அதே பிள்ளையிடம் "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கோட்டைக்குப் போய், அகழியைச் சுற்றிவந்து, கோயிலில் சாமி கும்பிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டது வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். வாயில் இருக்கிற அந்த ஓட்டம் பென்சிலுக்கு வரவில்லை. அதை வரவழைப்பதுதான் நம் வேலை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அங்கன்வாடிக் கட்டடத்திலும் மாலை வகுப்பு எடுக்கிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிய பிறகு, பட்டம் முடித்த இளைஞர்களும் வீட்டில் இருக்கும் தாய்மார்களும் பெரிய எண்ணிக்கையில் கற்பிக்க வந்தார்கள். கணக்கும் வாசிப்பும் சொல்லித்தர அவர்களுக்குத் தயக்கம் இல்லை. வாக்கியம் அமைக்கச் சொல்லித்தருவதற்கு மட்டும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்காகவும், முதல் ஆண்டு ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தமிழில் வாக்கியங்களைச் சேர்ப்பது வினைச்சொல்லின் முடிவு. 'போனேன்' என்பது 'போய்' என்று மாறும்போதே அடுத்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்புள்ளி எதையும் ஒட்டவைக்காது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இரண்டு பகுதிகளுக்கு நடுவே எங்கே சேர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டும். ஓலைச்சுவடியில் காற்புள்ளியே கிடையாது. அச்சு வந்த பிறகுதான் நிறுத்தற்குறிகள் தமிழில் நிலைபெற்றன. அதற்கு முன்பும் நம் உரைகாரர்கள் நீண்ட வாக்கியங்களை எழுதியிருக்கிறார்கள். வினையின் விகுதிகளே அவற்றைத் தாங்கி நின்றன. எனவே வரிசை இதுதான்: சேர்ப்பதை முதலில் கற்பியுங்கள், காற்புள்ளியைப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், காற்புள்ளி போட்டாலே வாக்கியம் சேர்ந்துவிடும் என்று பிள்ளை நம்பிவிடும். அந்த நம்பிக்கையை அப்புறம் களைவது கடினம்.

தொடங்கும் முன்

ஒரு பிள்ளை தானாக ஒரு முழு வாக்கியம் எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறதா என்று பாருங்கள். வைக்கவில்லை என்றால் இந்தப் பாடத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. எட்டு வயதுக்கு மேல், மூன்றாம் வகுப்பின் பிற்பாதியில் தொடங்குவது பொருத்தம். ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். தேவையானவை பழைய காலண்டர் தாள், கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா ஆகியவை மட்டுமே.

வினையெச்சம், பெயரெச்சம், கலவை வாக்கியம் என்ற பெயர்களைத் தொடக்கத்தில் சொல்ல வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஓஹேர் என்ற ஆய்வாளர், இலக்கணப் பெயர்கள் எதையும் கற்பிக்காமல் வாக்கியம் சேர்க்கும் பயிற்சியை மட்டும் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்தே அவர்கள் எழுத்து முதிர்வதைக் காட்டினார். அது ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் சேர்க்கும் கருவிகள் வேறு. ஆனாலும் அந்த அடிப்படை இங்கும் பொருந்துகிறது. கை பழகிய பிறகு பெயரைச் சொன்னால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

முதல் படி: வாயால் சேர்ப்பது

முதல் சில நாட்களுக்கு நோட்டைத் திறக்கவே வேண்டாம். நீங்கள் இரண்டு சின்ன வாக்கியம் சொல்லுங்கள், பிள்ளைகள் ஒன்றாக்கிச் சொல்லட்டும்.

மலர் பஸ்ஸில் ஏறினாள். மலர் டிக்கெட் வாங்கினாள்.

"மலர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கினாள்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உடனே மூன்றாவதைக் கொடுங்கள்: மலர் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "மலர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்." இப்போது கேளுங்கள்: எந்தச் சொல் மாறியது? எது மாறவில்லை? கடைசி வினை மட்டும் முழுதாக நிற்கிறது, முன்னால் வந்தவை எல்லாம் பாதியில் நிற்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நான் 'முடிந்த வினை', 'முடியாத வினை' என்றுதான் சொல்வேன். அது போதும்.

காலத்தைக் கடைசி வினைதான் சொல்கிறது என்பதையும் இங்கேயே காட்டிவிடலாம். "நாளை கோட்டைக்குப் போய் அகழியைப் பார்த்துத் திரும்புவோம்." போவது நாளைக்கு என்றாலும் 'போய்', 'பார்த்து' என்றுதான் வருகிறது. 'நேற்று', 'நாளை' என்று மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசி வினையை மட்டும் மாற்றச் செய்வது நல்ல விளையாட்டு.

இந்தக் கட்டத்தில் பேச்சைத் திருத்தாதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளை "ஓடிக்கினே வந்தான்" என்று சொன்னால் அது வாக்கியத்தைச் சரியாகத்தான் சேர்த்திருக்கிறது. எழுதும்போது 'ஓடிக்கொண்டே' என்று வரும் என்று ஒருமுறை பலகையில் காட்டினால் முடிந்தது. பேச்சை மட்டம்தட்டினால் வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடினால் இந்தப் பாடமே நடக்காது.

வீட்டு மொழியையும் கவனியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் குடும்பங்கள் அதிகம். சித்தூரை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு மொழியிலும் ஒரு வினையைப் பாதியில் நிறுத்தி அடுத்ததோடு சேர்க்கும் வழி உண்டு. "இதை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டு, அந்தப் பிள்ளை தன் மொழியில் சொன்னதை வகுப்பு கேட்கட்டும். தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு, இந்த வேலை தனக்கு முன்பே தெரியும் என்ற தைரியம் அதில் கிடைக்கிறது.

இரண்டாம் படி: பட்டைகளை வெட்டிச் சேர்ப்பது

காலண்டர் தாளை நீளப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வாக்கியம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பாட்டி சந்தைக்குப் போனார்.
பாட்டி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கினார்.
பாட்டி குழம்பு வைத்தார்.

(இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நம் மாவட்டத்துச் சொத்து, புவிசார் குறியீடு பெற்றது. பாடத்தில் அதன் பெயர் வருவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.)

பிள்ளைகள் இரண்டாவது, மூன்றாவது பட்டைகளில் உள்ள 'பாட்டி'யைக் கத்தரிக்க வேண்டும். பிறகு முதல் இரண்டு பட்டைகளில் 'போனார்', 'வாங்கினார்' என்பவற்றை வெட்டி எடுத்து, 'போய்', 'வாங்கி' என்று சின்னத் துண்டில் எழுதி அந்த இடத்தில் வைக்க வேண்டும். வெட்டுவதும் வைப்பதும் கையால் நடப்பதால், எது போகிறது, எது மாறுகிறது, எது நிலைக்கிறது என்பது மனத்தில் நன்றாகத் தங்குகிறது. வெட்டிய 'பாட்டி'களைக் குவித்து வைத்து, "இத்தனை முறை தேவையில்லாமல் எழுதினோம்" என்று காட்டலாம்.

எதிர்மறையை மறக்காமல் சேருங்கள். 'கவின் சாப்பிடவில்லை. கவின் தூங்கிவிட்டான்' என்பதைக் குழந்தைகள் 'கவின் சாப்பிடவில்லை தூங்கிவிட்டான்' என்று ஒட்டிவிடுவார்கள். 'சாப்பிடாமல் தூங்கிவிட்டான்' என்பதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்: படிக்காமல், கேட்காமல், சொல்லாமல், பார்க்காமல். வாயால் பத்து வாக்கியம் வந்துவிட்டால் எழுத்தில் தடுமாற்றம் இருக்காது.

மூன்றாம் படி: செய்பவர் மாறும்போது

புதிதாகக் கற்பிக்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே நிதானமாகப் போங்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்.

முந்தைய பாடத்தின் வேகத்தில் 'மணி அடித்து பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்' என்று எழுதிவிடுவார்கள். கேட்டால் காதுக்கு இடறும், ஆனால் ஏன் என்று தெரியாது. இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால்தான் 'அடித்து', 'போய்', 'வாங்கி' என்று சேர்க்கலாம். இங்கே அடித்தது மணி, ஓடியது பிள்ளைகள். எனவே வேறு வழி வேண்டும்: மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள்.

இப்போது நான்கு ஜோடிகளைக் கொடுங்கள்.

மழை கொட்டியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.
தாத்தா அழைத்தார். கவின் வரவில்லை.
நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். அதற்கு முன்பே பஸ் கிளம்பிவிட்டது.
அக்கா பாடினாள். தம்பி தாளம் போட்டான்.

ஒவ்வொரு ஜோடிக்கும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன உறவு? காரணமா, நேரமா, எதிர்பார்த்தது நடக்காததா? காரணம் என்றால் 'மழை கொட்டியதால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.' எதிர்பார்த்தது நடக்காவிட்டால் 'தாத்தா அழைத்தும் கவின் வரவில்லை.' முந்திக்கொண்டது என்றால் 'நான் பஸ் நிலையத்துக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.' ஒரே நேரத்தில் நடந்தால் 'அக்கா பாடும்போது தம்பி தாளம் போட்டான்' அல்லது 'அக்கா பாட, தம்பி தாளம் போட்டான்.' உறவைச் சொல்லத் தெரிந்த பிள்ளை விகுதியைத் தானே கண்டுபிடித்துவிடும். உறவைப் பேசாமல் விகுதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, எல்லாவற்றுக்கும் 'ஆல்' போட்டுவைக்கும்.

துடிப்பான பிள்ளை ஒன்று "மழை பெய்து ஏரி நிரம்பியது என்று சொல்கிறோமே, டீச்சர்?" என்று கேட்கும். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். பெய்தது மழை, நிரம்பியது ஏரி. ஆனாலும் அந்த வாக்கியம் சரிதான். 'மழை பெய்ய ஏரி நிரம்பியது' என்ற பொருளில் தமிழில் வெகுகாலமாக வழங்கும் அமைப்பு அது. பழைய இலக்கண உரைகளும் அதை ஏற்கின்றன. முதல் நிகழ்ச்சியிலிருந்தே இரண்டாவது தானாக விளையும் இடங்களில் இப்படி வரலாம் என்று சொல்லி, அதை ஒரு விதிவிலக்காக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான்காம் படி: 'உம்' சேர்ந்தால் வினை மாறும்

கவின் வந்தான். மலர் வந்தாள். இரண்டையும் சேர்த்தால் 'கவினும் மலரும் வந்தார்கள்.' வினை பன்மையாகிவிட்டது. மாடு வந்தது, ஆடு வந்தது என்றால் 'மாடும் ஆடும் வந்தன.' தம்பி போனான், நான் போனேன் என்றால் 'நானும் தம்பியும் போனோம்.' பேச்சில் 'மாடும் ஆடும் வந்தது' என்றே பழகியிருப்பதால் 'வந்தன' என்பது பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். பாலாற்றுப் படுகையில் மேய்கிற மாடு, கொக்கு, நாரை என்று அஃறிணைப் பெயர்களாகவே ஒரு வேளை முழுவதும் பயிற்சி கொடுங்கள். 'கவினும் அவன் நாயும்' போன்ற கலப்பு வந்தால் சண்டை போடாமல் 'கவின் தன் நாயுடன் வந்தான்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

'நானும் தம்பி போனோம்' என்று ஓர் 'உம்'மை விழுங்கிவிடுவது பரவலான தவறு. இரண்டு பக்கமும் 'உம்' வேண்டும் என்பதை விரலால் தட்டிச் சொல்லவைத்தால் பழகிவிடும். வேற்றுமை உருபு இருந்தால் அதற்குப் பிறகுதான் 'உம்' வரும்: கோட்டைக்கும் கோயிலுக்கும், பாட்டியையும் தாத்தாவையும்.

'மற்றும்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிறு பிள்ளைகளின் எழுத்தில் அது வேண்டவே வேண்டாம். விளம்பரப் பலகைகளிலும் அரசு அறிவிப்புகளிலும் பார்த்துவிட்டு 'நான் மற்றும் என் தம்பி' என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'நானும் என் தம்பியும்' என்று இயல்பாக வாயில் வருவதை விட்டுவிட்டு அதை ஏன் கற்றுத்தர வேண்டும்? முதல் நாளிலிருந்தே தடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: காற்புள்ளி

இப்போதுதான் காற்புள்ளி வருகிறது. இதற்குள் பிள்ளையின் வாக்கியங்கள் நீண்டிருக்கும். படிக்கும்போது எங்கே நிறுத்துவது என்று திணறும். அந்தத் தேவையை உணர்ந்த பிறகு காட்டினால் காற்புள்ளி உதவியாகத் தெரியும்.

பட்டியலில் தொடங்குங்கள். வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் பழைய வழக்கு ஒன்று இதற்கு அருமையாகப் பொருந்தும்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். காற்புள்ளி இல்லாமல் பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே, கடைசிப் பகுதி இன்று பொருந்தாது என்பதையும் சொல்லுங்கள். 1981இல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டு வழிபாடு தொடங்கிவிட்டது.

பட்டியலுக்கு விதி எளிது. ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்புள்ளி. கடைசிப் பெயருக்கும் 'ஆகிய', 'என', 'முதலிய' போன்ற சொல்லுக்கும் நடுவே வேண்டாம். 'வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது.' 'உம்' போட்டு அடுக்கினால் காற்புள்ளியே தேவையில்லை: கத்தரிக்காயும் தக்காளியும் கொத்தமல்லியும் வாங்கினார். ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகவும் எழுதச் செய்யுங்கள். காற்புள்ளி வந்தால் 'உம்' இல்லை, 'உம்' வந்தால் காற்புள்ளி இல்லை. தாய் தந்தை, இரவு பகல் என்று இணைந்தே வழங்குபவற்றுக்கு இரண்டுமே வேண்டாம்.

அடுத்து முடியாத வினைகள். ஒன்றே ஒன்று இருந்து வாக்கியமும் சிறிதாக இருந்தால் காற்புள்ளி வேண்டாம்: மலர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மூன்று அடுக்கி வந்தால் ஒவ்வொன்றுக்கும் பின் வையுங்கள்: மலர் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

இங்கே ஒற்று பற்றி ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரியவர்களே இதில் தவறுகிறார்கள். 'கடைக்கு ஓடிக் கத்தரிக்காய் வாங்கினான்' என்று தொடர்ச்சியாக எழுதினால் நடுவே 'க்' வரும். 'கடைக்கு ஓடி, கத்தரிக்காய் வாங்கி, பாட்டியிடம் கொடுத்தான்' என்று காற்புள்ளி வைத்துவிட்டால் அந்த 'க்' வராது. நிறுத்திவிட்ட இடத்தில் இரண்டு சொல்லும் உரசுவதில்லை. 'ஓடிக், கத்தரிக்காய்' என்று இரண்டையும் போடுவது தவறு. நான்காம் வகுப்புக்கு மேல் இதைச் சொல்லலாம். அதற்குக் கீழே நீங்கள் பலகையில் சரியாக எழுதினாலே போதும்.

மூன்றாவது, விளிக்கும் இடம். 'அக்கா, இந்த பஸ் காட்பாடி போகுமா?' அழைக்கும் பெயருக்குப் பின் காற்புள்ளி. இதன் பலம் தெரிய இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து எழுதுங்கள்:

மாமா பையைத் தொலைத்துவிட்டார்.
மாமா, பையைத் தொலைத்துவிட்டார்.

பையைத் தொலைத்தது யார் என்று கேளுங்கள். முதலாவதில் மாமா. இரண்டாவதில் வேறு யாரோ. மாமாவிடம் புகார் போகிறது. ஒரு சின்னக் குறி குற்றவாளியையே மாற்றிவிடுவதைப் பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது.

நான்காவது, ஒருவர் பேச்சை அப்படியே எழுதும் இடம். கண்டக்டர், "சில்லறை இருக்கிறதா?" என்று கேட்டார். மேற்கோள் குறிக்கு முன் காற்புள்ளி. அதையே 'கண்டக்டர் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்' என்று எழுதினால் காற்புள்ளியும் இல்லை, மேற்கோள் குறியும் இல்லை. கடிதத்தில் 'அன்புள்ள அத்தைக்கு,' என்பது, முகவரி, பெரிய எண்கள் ஆகியவற்றைப் பாடநூலே சொல்லிவிடும். அங்கே நேரம் செலவிட வேண்டாம்.

காற்புள்ளி வரக்கூடாத இடங்களையும் அதே உறுதியோடு சொல்லுங்கள். எழுவாய்க்குப் பின் வழக்கமாக வேண்டாம்: 'நான், பள்ளிக்குப் போனேன்' என்பது தவறு. முடிந்த இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டக் கூடாது: 'மணி அடித்தது, வீட்டுக்குப் போனோம், அம்மா தோசை சுட்டார்' என்று எழுதினால் அங்கே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், அல்லது வினையை மாற்றிச் சேர்க்க வேண்டும். 'மூச்சு விடுகிற இடத்தில் காற்புள்ளி' என்று சொல்லித்தருவதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூச்சு ஒவ்வொரு மாதிரி. வாசிக்கத் திணறும் பிள்ளை சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கும்.

ஆறாம் படி: பெயரோடு சேர்ப்பது

பாலாற்றங்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் என் பாட்டி வாழ்கிறார்.

'பாலாற்றங்கரையில் இருக்கும் ஊரில் என் பாட்டி வாழ்கிறார்.' இரண்டு வாக்கியங்களுக்கும் பொதுவாக உள்ள பெயரைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் முதல் வாக்கியத்தைக் கொண்டுவந்து வைப்பதுதான் இதன் உத்தி. 'அந்த' என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே இதைச் செய்து பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'இருக்கும்' என்பதற்கும் 'ஊரில்' என்பதற்கும் நடுவே காற்புள்ளி வராது.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. 'ஆம்பூரிலிருந்து வந்த மாமாவின் நண்பர்' என்றால் வந்தது மாமாவா, நண்பரா? நண்பர்தான் என்றால் 'ஆம்பூரிலிருந்து வந்த, மாமாவின் நண்பர்' என்று ஒரு காற்புள்ளி தெளிவாக்கிவிடும்.

'ஆனால்', 'ஆகையால்', 'ஏனெனில்' போன்ற சொற்களைச் சிறு பிள்ளைகள் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே எழுதட்டும். 'பஸ் வந்தது. ஆனால் நிற்கவில்லை.' நடுவே அரைப்புள்ளியா, காற்புள்ளியா, 'ஆனால்' என்பதற்குப் பின் ஒன்று வேண்டுமா என்பதில் பத்திரிகைகளிடையே ஒரே வழக்கு இல்லை. எட்டு வயதில் அந்தக் குழப்பம் தேவையில்லை.

ஏழாம் படி: ஒன்றைப் பல விதமாக

மேலே உள்ளவை கைவந்த பிறகு, ஒரே தகவலைப் பல விதமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வரலாற்றிலிருந்தே எடுங்கள்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டியின் கடைசி அரசர். அவர் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அவர் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் 1832இல் வேலூரில் இறந்தார்.

ஒரு பிள்ளை இப்படிச் சேர்க்கலாம்: கண்டியின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்தார்.

இன்னொரு பிள்ளை இப்படி: 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். 1832இல் இங்கேயே இறந்தார்.

இரண்டுமே சரி. எது நன்றாக இருக்கிறது என்று வகுப்பு விவாதிக்கட்டும். எனக்கு இரண்டாவது பிடிக்கும். இறப்பு தனி வாக்கியமாக நிற்பதால் அதற்கு ஒரு கனம் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை, சில இடங்களில் சின்ன வாக்கியமே வலிமை என்பதைப் பிள்ளைகள் இப்படிப்பட்ட பேச்சில்தான் கற்றுக்கொள்கிறார்கள். இதற்குப் பொருந்தும் இன்னொரு தொகுப்பு: அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவமனை தொடங்கினார், அவர் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார், அங்கே 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். கடைசி வாக்கியத்தில் செய்பவர் மாறுகிறார் என்பதைக் கவனிக்கிறார்களா என்று பாருங்கள்.

வாரத்தில் ஒரு நாள் தலைகீழாகச் செய்யுங்கள். நாளிதழில் வந்த நீண்ட வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பும் எளிதாகும்.

நோட்டைத் திருத்தும்போது

சொந்தக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, அதில் இரண்டு இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு "இதைச் சேர்க்க முடியுமா?" என்று எழுதுங்கள். சேர்த்து எழுதிக் காட்டிவிடாதீர்கள். பிள்ளை செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிட்டால் அடுத்த கட்டுரையும் பழையபடியே வரும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள். பட்டியல் காற்புள்ளி வாரத்தில் ஒற்றுப்பிழையைத் தொட வேண்டாம்.

காற்புள்ளி கற்ற புதிதில் பிள்ளைகள் அதைக் கண்ட இடமெல்லாம் வைப்பார்கள். கோபப்பட வேண்டாம். ஒவ்வொரு காற்புள்ளியையும் விரலால் காட்டி, "இது எதற்கு? பட்டியலா, முடியாத வினையா, அழைப்பா, பேச்சா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத குறியைப் பிள்ளையே அழித்துவிடும்.

வேறொரு பிள்ளை உரக்கப் படிக்க, எழுதிய பிள்ளை கேட்கட்டும். தான் எழுதியதைத் தானே படித்தால் இல்லாத குறியும் இருப்பதுபோல் தோன்றும். இன்னொரு குரல் இடறும் இடத்தில் தவறு தானாக வெளிப்படும்.

சேர்க்கும் ஆசையில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே வாக்கியமாக்கும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் மூன்று முடியாத வினைக்கு மேல் வேண்டாம் என்று எல்லை வையுங்கள். இலக்கணம் அப்படி எந்த எல்லையும் வைக்கவில்லை. இந்த வயதுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் தளர்த்திவிட்டு, அரைப்புள்ளியை அப்போது அறிமுகப்படுத்தலாம்.